டாக்டரம்மா கேட்ட நீட

1. தப்பான நிழல்

டாக்டரம்மா என் லேப்டாப்பில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கடைசிப் படம் வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"ஃபோட்டோலு சால பாகுன்னாயி அண்ணா. ரொம்ப அழகா இருக்குது. ஆனா நான் கேட்டது இது இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாரமாக ஏர்பேடு பக்கத்து ஏரியில் மாலை வெயிலில் வெந்து எடுத்த படங்கள் அவை. சேற்று மேட்டில் உள்ளான், உப்புக்கொத்திப் பறவைகள் நிற்கின்றன. சாயும் வெயிலில் ஒவ்வொன்றின் நிழலும் தரையில் அதைவிட நீளமாகக் கிடக்கிறது. என் வாழ்நாளில் நிழலை இத்தனை ஆசையாக நான் எடுத்ததே இல்லை.

அதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நான் கல்யாண போட்டோகிராபர். சொந்த ஊர் புத்தலப்பட்டு, ஸ்டுடியோ திருப்பதியில். கல்யாணப் படத்தில் நிழல் என்பது பரம விரோதி. மணமகள் கண்ணுக்குக் கீழே நிழல், மாமனார் மூக்குக்குக் கீழே நிழல், பந்தல் கம்பத்தின் நிழல் தாலி மேலே. நிழலைத் துரத்துவதற்கென்றே லைட் பிடிக்க ஆள் வைத்துப் பிழைத்தவன் நான். மார்கழியிலும், தெலுங்குக்காரர்கள் மூடம் என்று சொல்லும் முகூர்த்தமில்லாத நாட்களிலும் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போவேன். நல்ல வேளையாக வெளியூர்ப் பறவைகளும் அந்தக் குளிர்காலத்தில்தான் வரும். பறவைக்கும் எனக்கும் பஞ்சாங்கம் ஒன்றுதான்.

டாக்டரம்மாவின் தம்பி கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். ஆல்பம் வாங்க ஸ்டுடியோவுக்கு வந்தபோது சுவரில் என் பறவைப் படங்களைப் பார்த்திருக்கிறார். ரேணிகுண்டா ரோட்டில் சின்னதாக ஒரு கண் ஆஸ்பத்திரி திறக்கப்போவதாகவும், அதில் ஒரு சுவருக்குப் படம் வேண்டும் என்றும் போனில் சொன்னார்.

"ஆபரேஷன் முடிஞ்சி, மறுநாள் கட்டுப் பிரிக்கிறோம் இல்ல? அப்போ பேஷண்ட் மொதல்ல பாக்கறது என் மூஞ்சி. அது போதாது அண்ணா. பாக்கறதுக்கு நல்லதா ஒண்ணு எதிர்ச் சுவத்துல இருக்கணும். தண்ணியில நிக்கிற பறவ போடுங்க. நீட பாகா ராவாலி."

நீட நன்றாக வரவேண்டும். நீட என்றால் எங்கள் பக்கத்துத் தமிழன் எவனையும் தட்டி எழுப்பிக் கேட்டுப்பாருங்கள், நிழல் என்பான். புளியமர நீட, பஸ் ஸ்டாண்டு நீட. நானும் மறு கேள்வி கேட்காமல் நிழலைத் தேடிப் போய்விட்டேன். ஆர்டர் எடுக்கும்போது இரண்டாவது கேள்வி கேட்காதவன் இரண்டாவது தடவை வேலை செய்யவேண்டும் என்பது எங்கள் தொழிலில் எழுதப்படாத சட்டம்.

"நீள்ளலோ நீட அண்ணா" என்றார் டாக்டரம்மா, குழந்தைக்குச் சொல்வதுபோல. "தண்ணிக்குள்ள தெரியுது பாருங்க, அந்த ரெண்டாவது பறவ. அதுதான் எனக்கு வேணும்."

பிரதிபிம்பம். ஒரே சொல்லில் நிழலும் பிம்பமும் இருப்பது அப்போதுதான் உறைத்தது. தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? நிலா நிழல் தண்ணியில் விழுகிறது என்றுதானே நாமும் சொல்கிறோம்.

திறப்பு விழா நெருங்கிவிட்டது. இன்டீரியர் வேலை செய்கிறவர்கள் கடல், படகு, சூரியன் என்று எங்கேயும் கிடைக்கிற ரெடிமேட் படம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் என் படம் வராவிட்டால் அதை மாட்டிவிடுவார்கள் என்றார் டாக்டரம்மா.

எனக்கு அந்தச் சுவர் வேண்டும். அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பாதி ஆயுளை ஆல்பத்துக்குக் கொடுத்தவன் நான். ஆல்பத்தை வாங்கினவுடன் ஒரு தரம் பார்ப்பார்கள், சம்பந்தி வந்தால் ஒரு தரம் பார்ப்பார்கள், அப்புறம் அது பீரோவுக்குள் பட்டுப் புடவைக்கு அடியில் போய்விடும். என் படம் ஒன்று மூடாமல், தினமும் ஆட்கள் பார்க்கிற இடத்தில் இருக்கவேண்டும் என்ற ஆசை எனக்குள் எத்தனை நாளாக இருந்தது என்பது அன்று டாக்டரம்மா "இது இல்ல" என்றபோதுதான் தெரிந்தது.

2. நிழலைக் காணோம்

அன்றே ஏரிக்கு ஓடினேன். அங்கே மீன் குத்தகைக்குக் காவல் இருக்கும் நாகய்யா கரைமேல் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லுண்டி வல போட்றாங்க சார். ஆளு, டிராக்டரு எல்லாம் எறங்கிடும். அப்புறம் தண்ணி எது சேறு எதுன்னு உனக்கும் தெரியாது, அந்தப் பிட்டைக்கும் தெரியாது."

எல்லுண்டி என்றால் நாளை மறுநாள், பிட்டை என்றால் பறவை. ஆக, என் கையில் இருந்தது மறுநாள் காலையும் அதற்கடுத்த காலையும்தான். அதிலும் வெயில் ஏறிவிட்டால் காற்று எழும்பிவிடும். காற்று எழும்பினால் தண்ணீரில் சுருக்கம் விழும், பிம்பம் கிழிந்துபோகும். விடிந்ததிலிருந்து காற்று வரும்வரை உள்ள கொஞ்ச நேரம்தான் நமக்குச் சொந்தம்.

மறுநாள் காலை என் மனைவி செல்வியும் கூட வந்தாள். ஸ்டுடியோவில் எடிட்டிங் முழுக்க அவள் கையில். "நீங்க எடுத்துக்கினு வர்றத நான் சரி பண்ணிக்கினே கீறேன். எடுக்கும்போதே என்னா தப்பு பண்றீங்கன்னு ஒரு நாள் பாக்கறேனே" என்று கிளம்பிவிட்டாள்.

ஏரி கண்ணாடி போட்டதுபோல் கிடந்தது. நடுவில் திட்டுத் திட்டாகச் சேறு, சுற்றிக் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் பவழக்கால் உள்ளான்கள். அந்தப் பறவையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, ஊசிபோல் மூக்கு, அதன் கீழே உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் செக்கச்செவேல் என்று இரண்டு கால்கள். தண்ணீரில் அதன் பிம்பம் சேர்ந்ததும் கால் இன்னும் இரண்டு மடங்கு நீண்டுவிட்டது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கல்யாணத்தில் மாங்கல்யதாரணம் நெருங்கும்போது அடிக்கிற அதே அடிப்பு.

ட்ரைபாடை நட்டேன், டெலி லென்ஸை மாட்டினேன், வழக்கப்படி அதன் முன்னால் சிபிஎல் ஃபில்டரையும் திருகினேன். கல்யாணத்துக்கு முந்தின அவுட்டோர் ஷூட் எடுப்பவர்கள் எல்லோரும் அதை மாட்டுவோம், வானம் நல்ல நீலமாக வரும். கண்ணை வைத்துப் பார்த்தேன். பறவை இருக்கிறது. தண்ணீரில் பிம்பம் இல்லை. அடியில் கிடக்கும் பாசியும் கூழாங்கல்லும் தெளிவாகத் தெரிகின்றன.

கண்ணை எடுத்துப் பார்த்தால் பிம்பம் இருக்கிறது. கேமராவில் பார்த்தால் இல்லை. லென்ஸைத் துடைத்தேன். ஃபோகஸ் மாற்றினேன். லென்ஸ்தான் போச்சோ என்று நினைத்தேன்.

"நெழலக் காணோம் செல்வி" என்றேன்.

"ஊர்ல எல்லாம் தண்ணி வத்திப்போச்சுன்னு அழுவாங்க. நீங்க நெழல் வத்திப்போச்சுன்னு அழுவுறீங்க" என்றாள். பிறகு லென்ஸைப் பார்த்தாள். "அது இன்னா, ஃபில்டர் போட்டுக்கினு கீறீங்க?"

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதை மனசில் எழுதிக்கொள்ளுங்கள். சிபிஎல் ஃபில்டரின் வேலையே தண்ணீர், கண்ணாடி மேல் விழும் பளபளப்பை வெட்டுவதுதான். பிம்பமும் அந்தப் பளபளப்புதான். பிம்பத்தைப் படம் எடுக்கப் போனவன் பிம்பத்தை அழிக்கிற சாமானை மாட்டிக்கொண்டு நின்றேன். அதைக் கழற்றி முடிப்பதற்குள் மேற்கிலிருந்து காற்று வந்துவிட்டது. ஏரி முழுக்கச் சுருக்கம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது வழி முழுக்கச் செல்வி சிரித்துக்கொண்டே வந்தாள். நான் சிரிக்கவில்லை.

3. அரிசி மூட்டை

கடைசிக் காலை. இந்தத் தடவை ஃபில்டர் வீட்டிலேயே இருந்தது. ட்ரைபாடும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். நின்றுகொண்டு எடுத்தால் பறவையை மேலிருந்து பார்க்கிற மாதிரி ஆகிவிடுகிறது. தண்ணீரோடு தண்ணீராகப் படுத்தால்தான் பறவையும் பிம்பமும் சரிசமமாக நிற்கும். தார்ப்பாயை விரித்துச் சேற்றில் குப்புறப் படுத்தேன். லென்ஸைத் தாங்குவதற்குத் தலையணை உறையில் அரிசியை நிரப்பிக் கட்டியிருந்தோம்.

"அரிசிய சேறாக்காதீங்க. அதத்தான் ராத்திரிக்கி துன்னணும்" என்று கரையில் இருந்து செல்வி மெதுவான குரலில் எச்சரித்தாள்.

விடிந்தது. பறவைகள் தூரத்தில் இருந்தன. நான் அசையவில்லை. முழங்கை வழியாக ஈரம் ஏறியது, ஏதோ ஒரு பூச்சி கழுத்தில் நடந்தது. பறவைக்கு நாம் ஆள் என்பது மறந்துபோக வேண்டும். மண்டபத்தில் போட்டோகிராபரை எல்லோரும் மறந்தபிறகுதான் நல்ல படம் கிடைக்கும் என்பது போலத்தான் இதுவும்.

அப்போது ஒரு உள்ளான் மட்டும் கூட்டத்தை விட்டு என் பக்கம் நடந்து வந்தது. ஒவ்வொரு காலையும் யோசித்து யோசித்து எடுத்துவைத்தது. தண்ணீரை நோக்கி ஃபோகஸ் வைக்காமல் பறவையின் கண்ணில் வைத்தேன். அதன் கண் தெளிவானால் பிம்பத்தின் கண்ணும் தானாகவே தெளிவாகும், ஏனென்றால் லென்ஸுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான்.

கரையின் அந்தப் பக்கத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. வலைக்காரர்கள் வந்துவிட்டார்கள். "கொஞ்சம் இருங்கய்யா" என்று நாகய்யா யாரையோ தடுத்துக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. பறவை தலையைத் தூக்கியது. போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. கழுத்தை நீட்டி நின்றது. கீழே தண்ணீரில் இன்னொன்று அதே மாதிரி கழுத்தை நீட்டி நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. ஷட்டரை அழுத்தியவன் விரலை எடுக்கவே இல்லை.

அழுத்தும்போதே பறவை ஒரு காலை லேசாக அசைத்துவிட்டது. சின்னதாய் ஒரு வளையம் கிளம்பி விரிந்தது. அடுத்த நிமிஷம் கரைமேல் டிராக்டர் ஏறியது. "கிக் கிக் கிக்" என்று கூட்டம் முழுக்க எழும்பிப் போனது, அந்தச் சிவப்புக் கால்கள் வாலுக்குப் பின்னால் நீண்டுகொண்டு.

நான் சேற்றில் மல்லாந்து படுத்துச் சிரித்தேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகையும் வந்தது. செல்வி ஓடிவந்து முதலில் கேமராவைப் பார்த்தாள், பிறகு அரிசியைப் பார்த்தாள், கடைசியாகத்தான் என்னைப் பார்த்தாள்.

4. செல்வி மறுத்தது

கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. நல்ல படம் என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதில் மேலே உள்ள பறவை சிற்பம்போல் நிற்கிறது. கீழே உள்ள பிம்பத்தில், அந்த வளையம் பட்ட இடத்தில், கழுத்தும் காலும் சற்றே நடுங்குகின்றன.

எனக்கு அது பொறுக்கவில்லை. கல்யாண போட்டோக்காரன் புத்தி, மணமகள் முகத்தில் ஒரு பருவைக்கூட விட்டுவைக்காது.

"மேல இருக்கிறத காப்பி பண்ணு. ஃப்ளிப் பண்ணி கீழ ஒட்டிடு. ஒருத்தருக்கும் தெரியாது."

செல்வி மவுஸைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதுக்கு ஏரிக்கி ஏன் போனீங்க? அரிசிய ஏன் நனச்சீங்க? இங்கயே குந்திக்கினு ஒட்டியிருக்கலாமே."

"டாக்டரம்மா சுவத்துல மாட்டப்போறாங்க. சுத்தமா இருக்கணும்."

"தண்ணி ஆடத்தான் செய்யும். ஆடலன்னா அது தண்ணியில்ல. நான் தொட மாட்டேன்."

அவள் தொடமாட்டேன் என்றால் தொடமாட்டாள். எனக்கு ஃபோட்டோஷாப்பில் அவள் அளவுக்குக் கை வராது. நேரமும் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படத்தை அப்படியே டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. "இதே அண்ணா, இதே" என்று அவர் நாலு தரம் சொன்னார். "படத்து மேல உங்க பேரு, எழுத்து எதுவும் வேணாம். எழுத்தப் பாத்தா என் பேஷண்டுங்க படிச்சிக் காட்ட ஆரம்பிச்சிடுவாங்க. பேர கீழ தனியா பலகையில வெச்சிடலாம். ஆமா, பறவ பேரு என்ன?"

"பவழக்கால் உள்ளான் டாக்டர்."

"உள்ளான்னா? உள்ள இருக்கிறவனா?"

அதுவரை அந்தப் பெயரை நான் அப்படி யோசித்ததே இல்லை. "ஆமாம் டாக்டர், தண்ணிக்குள்ள" என்று சொல்லிவைத்தேன்.

கேன்வாஸில் பிரிண்ட் போட்டு, ஆளுயர ஃப்ரேம் அடித்து, சனிக்கிழமை சாயங்காலமே ஆட்கள் கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள். நான் ஒரு ரிசப்ஷனில் மாட்டிக்கொண்டதால் போக முடியவில்லை. அவர்கள் அனுப்பிய ஒரு போட்டோவை அவசரத்தில் விரல் நுனியளவில் பார்த்து, சூப்பர் என்று பதில் போட்டேன்.

5. கட்டுப் பிரித்த காலை

திறந்த மறுநாள், கண்ணுக்குள் புது லென்ஸ் வைக்கும் முதல் கண்புரை ஆபரேஷன். அதற்கு மறுநாள் காலையில் கட்டுப் பிரிக்கிறார்கள், முதல் பேஷண்டின் முகத்தைப் படம் எடுக்கவேண்டும் என்று டாக்டரம்மா கூப்பிட்டார். பேஷண்டின் பெயர் முனிரத்னம். சித்தூர் திருப்பதி ரோட்டில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன புத்தலப்பட்டுக்காரர். நானும் புத்தலப்பட்டு என்று தெரிந்ததும், கண்ணைக் கட்டிய நிலையிலேயே "எந்தத் தெரு நைனா நீ?" என்று என் வம்சத்தை விசாரித்து முடித்துவிட்டார். ஆனால் அவர் விரல்கள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தன. இன்னொரு கண்ணில் ஏற்கெனவே பார்வை போய்விட்டது. இருக்கிற ஒரே கண் இதுதான்.

சுவரை ஒட்டி, படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு வேண்டியது அவர் முகம். கேமராவைத் தூக்கித் தயாராக இருந்தேன். என் படத்தைப் பார்த்து ஒரு மனிதன் சிரிக்கப்போவதை நானே எடுக்கப்போகிறேன்.

டாக்டரம்மா கட்டைப் பிரித்துக் கண்ணைத் துடைத்தார். "மெதுவா தெறங்க. என்ன தெரியுது?"

"வெளிச்சம் தெரியுது. அந்த நைனா தெரியுறாரு. சுவர் தெரியுது. பறவ தெரியுது... ரெண்டு பறவ."

சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முகம் சுருங்கியது. தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறு பக்கம் சாய்த்தார். பிறகு டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, லென்ச தலகீழா வெச்சிட்டீங்களா?"

டாக்டரம்மா குனிந்து, "என் மூஞ்சி எப்படித் தெரியுது?" என்று கேட்டார்.

"உங்க மூஞ்சி நேராத்தான் கீது. அந்தப் பறவதான். மேல நிக்கிறது நேரா நிக்கிது, ஆனா நடுங்குது. கீழ கீறது ஆடாம, தெளிவா கீது, ஆனா அது தலகீழா தொங்குது. தெளிவா கீறதுதானே நெசம்? எனக்கு இருந்தது ஒரு கண்ணு டாக்டரம்மா."

நடுங்குகிறது என்ற சொல்லைக் கேட்டதும் டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. நேரானது நெளிந்து தெரிந்தால் கண்ணுக்குள் வேறு கோளாறு இருக்கலாம் என்று அவர் பின்னால் சொன்னார். டார்ச்சை எடுத்தார். அவர் கை அவசரப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மேல நிக்கிறது நடுங்குது. எனக்குச் சுருக்கென்றது. நடுங்க வேண்டியது கீழே அல்லவா இருக்கிறது? திரும்பினேன். ஆளுயர ஃப்ரேமில் நடுங்கும் கழுத்து மேலே இருந்தது. நிஜமான பறவை, நான் சேற்றில் படுத்து ஃபோகஸ் வைத்த அந்தப் பறவை, கீழே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டியவர்களுக்கு எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை. டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை. போனில் பார்த்து சூப்பர் போட்ட எனக்கும் தெரியவில்லை.

"டாக்டரம்மா, டார்ச்ச வைங்க" என்றேன். "அவர் கண்ணு நல்லா இருக்குது. தப்பு சுவத்துலதான்."

கேமராவைக் கட்டிலில் போட்டுவிட்டு ஃப்ரேமைக் கழற்றினேன். ஒரு பக்கம் நான், மறு பக்கம் டாக்டரம்மா. சேர்ந்து திருப்பி, சுவரோடு சேர்த்துப் பிடித்தோம்.

"இப்போ?" என்றார் டாக்டரம்மா, கண்ணாடிப் பவர் பார்க்கும்போது கேட்கிற அதே குரலில்.

முனிரத்னம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இப்போ கீழ கீறது ஆடுது. மேல கீறது நிக்கிது." மூச்சை விட்டார். "தண்ணியில நிக்கிது. காலு செவப்பு. கண்ணுகூட செவப்பா கீது நைனா."

பிறகு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி ஒரு சிரிப்பை எந்த மண்டபத்திலும் நான் பார்த்ததில்லை. அதை நான் எடுக்கவில்லை. என் இரண்டு கையும் ஃப்ரேமைப் பிடித்துக்கொண்டிருந்தன.

இதிலிருந்து நான் கற்றது இதுதான், கேமரா பிடிக்கிற பிள்ளைகளே. ஆர்டர் வாங்கும்போது எந்த நீட என்று கேளுங்கள். ஃபில்டரை வீட்டில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீரின் நடுக்கத்தைத் துடைக்காதீர்கள். அன்று செல்வி நான் சொன்னபடி ஒட்டியிருந்தால் மேலும் கீழும் ஒன்றாகவே இருந்திருக்கும். சுவரில் தலைகீழாக மாட்டியதும் தெரிந்திருக்காது, முனிரத்னத்தின் கண் எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்பதும் தெரிந்திருக்காது. இதைச் செல்வியிடம் ஒப்புக்கொண்டேன். "அரிசியையும் சொல்லுங்க" என்றாள்.

படம் இன்றைக்கும் அதே சுவரில் இருக்கிறது. கட்டுப் பிரித்ததும் என்ன தெரியுது என்று டாக்டரம்மா இப்போது கேட்பதில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "எந்தப் பறவ ஆடுது?"

கீழே இருப்பது என்று பதில் வந்தால், அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்.